கிழிசல் துணியில் தைத்த போர்வைகள்: கீஸ் பெண்ட் பெண்களின் வரலாறு

அமெரிக்காவின் தெற்கே அலபாமா என்று ஒரு மாநிலம். அங்கே ஓடுகிற அலபாமா ஆறு ஓரிடத்தில் லாடம் மாதிரி வளைந்து போகிறது. அந்த வளைவுக்குள், மூன்று பக்கமும் தண்ணீர் சூழ இருக்கிற சின்ன ஊர்தான் கீஸ் பெண்ட். ஊரில் பலருக்கும் குடும்பப் பெயர் பெட்வே. அவர்களுடைய முன்னோரை அடிமையாக வைத்திருந்த பண்ணை முதலாளியின் பெயர் அது. 1846ல் அந்த முதலாளி வடக்கு கரோலினாவிலிருந்து சுமார் நூறு பேரைக் கால்நடையாகவே இங்கே நடத்தி வந்தார். அடிமை முறை ஒழிந்த பிறகும் அதே நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி விளைவித்துப் பிழைத்தார்கள்.

கடன் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விதைப்புக்குக் கடன் வாங்குவது, அறுவடையில் அடைப்பது, மறுபடியும் வாங்குவது, இதுதான் அவங்க பிழைப்பும். கடன் கொடுத்து வந்த வியாபாரி இறந்துபோக, 1932ல் அவர் மனைவி மொத்த பாக்கியையும் ஒரேயடியாக வசூலிக்க ஆள் அனுப்பினார். கோவேறு கழுதை, மாடு, ஏர், சேமித்த சோளம் எல்லாம் வண்டியேறிப் போய்விட்டது. செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த ரேஷனில்தான் ஊர் உயிர் பிழைத்தது. பிறகு மத்திய அரசு அந்த நிலத்தை வாங்கி, வீடு கட்டி, குறைந்த வட்டிக் கடனில் அவர்களுக்கே விற்றது. அதனால்தான் அந்தக் குடும்பங்கள் ஊரைவிட்டுச் சிதறிப் போகவில்லை.

பலகை வீடு, சுவரெல்லாம் இடுக்கு, குளிர்காலத்தில் ஊசிக்காற்று. அதற்காகப் பிறந்ததுதான் இந்தப் போர்வை. மேலே ஒட்டுப்போட்ட துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல். வயல் வேலைக்குப் போட்டுக் கிழிந்த கால்சட்டை, மாவுச் சாக்கு, குழந்தையின் பழைய சட்டை, எது கிடைத்தாலும் துணிதான். முட்டியில் வெளுத்த இடமும், பாக்கெட்டைப் பிரித்தெடுத்த பிறகு கருநீலமாகத் தெரிகிற சதுரமும் அப்படியே போர்வையில் வந்துவிடும். மேல்துணியை ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் தனியாக, தன் மனசுப்படி இணைப்பாள். ஓட்டுத்தையல் போடும்போது நாலு பேர் கூடி உட்கார்ந்து பாடிக்கொண்டே தைப்பார்கள். ‘வீட்டுக் கூரை’ என்று ஒரு மாதிரி உண்டு, சதுரத்துக்குள் சதுரமாகப் போகும். அதையே பத்துப் பேர் தைத்தாலும் பத்தும் பத்து விதமாக இருக்கும். கோணல் வந்தால் பிரிக்க மாட்டார்கள். அந்தக் கோணலிலிருந்தே அடுத்த துண்டு தொடங்கும்.

1942ல் மிசோரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அதைப் போர்த்திக்கொண்டு அவரை நினைத்துக்கொள்வதற்காக. இன்றைக்குக் கலைப் புத்தகங்களில் அந்தப் போர்வையின் படத்தைப் பார்க்கலாம்.

ஆற்றுக்கு அக்கரையில் கேம்டன் நகரம். வாக்காளர் பதிவு அங்கேதான் நடக்கும். கறுப்பின மக்கள் பதிவு செய்யக் கிளம்பியபோது, 1962ல் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். கண்ணுக்கு எதிரே தெரிகிற ஊருக்கு ஒரு மணி நேரம் சுற்றிப் போக வேண்டிய நிலை. 1965ல் மார்ட்டின் லூதர் கிங் கீஸ் பெண்டுக்கே வந்து பேசினார். பதிவு செய்தவர்களில் பலர் வேலையை இழந்தார்கள், சிலர் குடியிருந்த வீட்டையும்.

அந்தச் சமயம் பிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியார் அந்தப் பக்கம் காரில் போகும்போது, கொடியில் காய்ந்த போர்வைகளைப் பார்த்தார். ஒன்று 10 டாலர் என்று வாங்கி, நியூயார்க்கில் ஏலம் விட ஏற்பாடு செய்தார். அதிலிருந்து 1966ல் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவு பிறந்தது. சுமார் 60 பெண்கள் சேர்ந்தார்கள். பல வருஷம் அதை நடத்தியவர் எஸ்டெல் விதர்ஸ்பூன். 1969ல் சொந்த இடத்தில் தையல் கூடம் கட்டினார்கள். வோக் என்ற ஃபேஷன் பத்திரிகையில் போர்வைகளின் படம் வந்தது, நியூயார்க்கின் பெரிய கடைகள் ஆர்டர் கொடுத்தன. 1972ல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் தலையணை உறைகளுக்கு ஒப்பந்தம் போட்டது.

இங்கேதான் ஒரு சிக்கல். கடைக்காரர்களுக்கு எல்லாம் ஒரே அளவு, ஒரே டிசைனில் வேண்டும். ‘உன் மனசுப்படி’ என்கிற பேச்சே இல்லை. அதனால் கலை பற்றி எழுதுகிறவர்கள் தலையணை உறைக் காலத்தை அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படித் தோணலை. பருத்திக் காட்டைத் தவிர வேறு வேலை கண்டிராத பெண்களுக்கு மாதா மாதம் கைக்குப் பணம் வந்ததே அந்த உறைகளால்தான். அது மட்டுமா? மிச்சமான கார்டுராய் வெட்டுத்துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், பகலில் அடக்கி வைத்ததையெல்லாம் ராத்திரியில் தங்கள் போர்வையில் கொட்டினார்கள். அந்தப் பச்சை, பழுப்பு கார்டுராய் போர்வைகள்தான் பிறகு அருங்காட்சியகம் ஏறின.

தொண்ணூறுகளின் கடைசியில் வில்லியம் ஆர்னெட் என்ற கலைச் சேகரிப்பாளர் ஒரு புகைப்படத்தில் அன்னி மே யங்கின் போர்வையைப் பார்த்து, அவரைத் தேடி வந்தார். கொசு விரட்டப் பழைய போர்வையை எரிப்பது அந்த ஊர் வழக்கம். அப்படிப் புகையாய்ப் போனது எத்தனையோ! 2002ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும், அடுத்து நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் கண்காட்சி நடந்தது. கட்டிலில் கிடந்ததைச் சுவரில் தொங்கவிட்டதும் நவீன ஓவியர்களோடு ஒப்பிட்டு எழுதினார்கள். 2006ல் பத்துப் போர்வைகள் தபால்தலைகளில் வந்தன. நிறுத்தப்பட்ட படகு மறுபடி ஓடத் தொடங்கியதும் அதே 2006ல்தான், 44 வருஷம் கழித்து!

போர்வை மாதிரிகள் கம்பளத்திலும் வீட்டுச் சாமான்களிலும் அச்சாகின. அந்த லாபத்தில் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று 2007ல் அன்னி மே யங்கும் லொரெட்டா பெட்வேயும் இன்னொருவரும் வழக்குப் போட்டார்கள். ஆர்னெட் தரப்பு அதை மறுத்தது. 2008ல் சமரசம் ஆனது, விவரம் வெளியில் சொல்லப்படவில்லை. பழைய கூட்டுறவு 2012ல் மூடப்பட்டது. 2024ல் டார்கெட் கடைகள் அந்த ஊரின் ஐந்து பெண்களின் டிசைனில் துணிமணிகள் விற்றன. விற்பனையில் பங்கு என்று இல்லாமல், ஒரே தடவையில் பேசிய தொகை.

ஒரு டிசைனைக் கொடுக்கிறபோது போர்வையை விற்கிறோமா, மாதிரியை விற்கிறோமா, இரண்டுக்கும் விலை ஒன்றா என்று அந்த ஊரில் இப்போது முதலிலேயே கேட்கிறார்கள். 2021 முதல் பல பெண்கள் எட்சி இணையச் சந்தையில் தங்கள் பெயரிலேயே கடை திறந்திருக்கிறார்கள். விலையை அவர்களே போடுகிறார்கள். 1966ல் 10 டாலருக்குப் போன மாதிரிப் போர்வை ஒன்று, இன்றைக்கு அதே ஊரிலிருந்து ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது.