சுண்ணாம்புச் சுவரில் ஒரு தவளை

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், குளியலறைச் சுவரிலோ தண்ணீர்த் தொட்டி மூடியின் அடியிலோ ஒல்லியான, பழுப்பு நிறத் தவளை ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விளக்கைப் போட்டாலும் அது அசையாது. பெரியவர்கள் அதைத் 'தேரை' என்பார்கள். தேரை மோந்த தேங்காயில் பருப்பு வைக்காது, தேரை விழுந்த குழந்தை தேறாது என்று சொல்லித் துடைப்பத்தால் அடித்து எறிவதும் உண்டு. தேங்காய் ஒல்லியாவதற்கு மகரந்தச் சேர்க்கைக் குறைவும் மண்ணில் சத்துக் குறைவும் காரணங்கள். குழந்தை இளைத்தால் ஊட்டக்குறைவா, நோயா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டுமே தவிர, தவளையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இது மரத்தவளை இனத்தைச் சேர்ந்தது. விஞ்ஞானப் பெயர் பாலிபெடேட்டஸ் மாக்குலேட்டஸ். ஆங்கிலத்தில் இதற்குச் 'சுனாம் தவளை' என்றும் ஒரு பெயர் உண்டு. சுனாம் என்பது வேறொன்றுமில்லை, நம்முடைய சுண்ணாம்புதான்! வெள்ளைக்காரர்களின் பங்களாக்களில் சுண்ணாம்பு பூசிய சுவர்களில் ஏறி உட்கார்ந்ததால் வந்த பெயர்.

இத்தவளைக்கு 1830-இல் விஞ்ஞானப் பெயர் இட்டவர் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜான் எட்வர்டு கிரே. ஹார்டுவிக் என்ற ராணுவ அதிகாரி இந்தியாவில் சேகரித்த ஓவியங்களை 'இந்திய விலங்கியல் சித்திரங்கள்' என்ற பெயரில் அவர் வெளியிட்டார். அவ்வோவியங்களில் பெரும்பாலானவற்றைத் தீட்டியவர்கள் இந்திய ஓவியர்கள். ஆக, காமிரா பரவலாவதற்கு முன்பே நம் கொல்லைப்புறத் தவளை படத்தின் மூலமாகவே உலகுக்கு அறிமுகமாயிற்று எனலாம்.

பின்னர் வந்தது சீசாக்களின் காலம். தவளையைப் பிடித்துச் சாராயத்தில் இட்டு, சீட்டு ஒட்டி வைப்பார்கள். ஒரு பெயர் எந்த உயிரைக் குறிக்கிறது என்பதற்கு அந்த மாதிரியே சாட்சி. கோவையில் பிறந்து பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய சி. ஆர். நாராயணராவ், 'கரண்ட் சயன்ஸ்' இதழின் முதல் ஆசிரியரும் ஆவார். 1937-இல் அவர் தென்னிந்தியத் தவளைகள் பலவற்றைப் புதியனவாக விவரித்து எழுதினார். ஆனால் கல்லூரியில் இருந்த அம்மாதிரிகள் பிற்காலத்தில் காணாமற் போயின. விவரிப்பு காகிதத்தில் இருக்கிறது, தவளை இல்லை. அவர் எழுதியது எந்தத் தவளையை என்று பின்வந்தவர்கள் பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொள்ள நேர்ந்தது. அவர் நினைவாக 2010-இல் புதர்த்தவளைகளின் பேரினம் ஒன்றுக்கு 'ராவோர்கெஸ்டெஸ்' என்று பெயரிட்டார்கள். தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையாய் வெளிவருபவை அவை.

இனி காமிராவுக்கு வருவோம். மரத்தவளை இரவில் உலவுவது; ஆகவே அதைப் படம்பிடிக்கும் கதை செயற்கை ஒளியின் கதையும் ஆகும். 1887-இல் ஜெர்மனியில் மக்னீசியம் கலந்த வெடிப்பொடி வந்தது. பட்டாசு மாதிரிப் புகையும் ஒளியும்! அத்தகைய ஒளியைக் கொண்டு அமெரிக்கர் ஜார்ஜ் ஷிராஸ் எடுத்த இரவுப் படங்கள் 1906-இல் வெளியாகிப் புகழ்பெற்றன. 1930-களில் எட்கர்ட்டன் உருவாக்கிய மின்னணுப் பளிச்சு விளக்கு, கண்ணிமைக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எரிந்தது. தாவும் தவளையும் அதில் அசைவற்று நிற்கும். நம் நாட்டில் எம். கிருஷ்ணன் (அ. மாதவையாவின் மகன்) கறுப்பு வெள்ளைப் படங்களாலும், 1950 முதல் 1996-இல் மறையும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் எழுதிய குறிப்புகளாலும் பெயர்பெற்றார். பார்த்ததை எழுதாமல் வெறும் படம் மட்டும் எடுத்தவர் அல்லர் அவர்.

இப்போது காமிரா உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. நான் முதலில் எடுத்த படத்தில் தவளைக்குப் பதில் வெள்ளைத் திட்டு ஒன்றே விழுந்தது. காரணம் எளிது. ஈரத்தோல் கண்ணாடி போன்றது. லென்சின் அருகிலிருந்து புறப்படும் ஒளி நேரே லென்சுக்கே திரும்பும். பளிச்சு விளக்கை அணைத்துவிட்டு, ஒருவர் பக்கவாட்டில் டார்ச்சைப் பிடித்து, அதன் முன் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும். வெளிச்சம் போதாவிட்டால் டார்ச்சைச் சற்றுக் கிட்டே கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்ற பாடம் இங்கே பயன்படும்.

எதைப் படமெடுப்பது? விரல் நுனி வட்டுகளை எடுங்கள். அவை உறிஞ்சிப் பிடிப்பவை என்று சொல்வது தவறு. வட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மெல்லிய திரவப் படலமே பெரும்பாலும் பிடிப்பைத் தருகிறது. தொடையின் பின்புறத்தில் கரும்பழுப்பின் நடுவே மஞ்சள் புள்ளிகள் உண்டு. உட்கார்ந்திருக்கையில் அவை மறைந்திருக்கும், ஏறும்போது தெரியும். அதற்காகத் தவளையைக் கையால் பிடித்து இழுக்க வேண்டாம். அது தோலாலும் சுவாசிக்கிறது. தோலில் சுரக்கும் கொழுப்புப் பொருளை அது தன் கால்களாலேயே உடலெங்கும் தடவி ஈரத்தைக் காத்துக்கொள்வதாக 1997-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நம் கைபட்டால் அந்தப் பூச்சு கெடும்.

கல்வராயன் மலைக்குச் செல்வோருக்கு இது இன்னும் முக்கியம். மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளுக்குக் கிடைத்த கவனம் கிழக்குத் தொடர்ச்சி மலைக்குக் கிடைக்கவில்லை. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் வழியில் மழை இரவில் நின்று கேளுங்கள். மரக்கட்டையைத் தட்டுவது போன்ற 'டக் டக்' ஒலி நம் சுண்ணாம்புத் தவளையுடையது. வேறு குரல் கேட்டால் அதைப் பதிவு செய்து, நாள், நேரம், இடம், உயரம் நான்கையும் எழுதி வையுங்கள். இவை இல்லாத படம் நாராயணராவின் காணாமற் போன சீசாவுக்குச் சமம்.

மலைக்குப் போக முடியாதவர்கள் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். நீருக்கு மேலே, சுவரில் வெண்மையான நுரைப்பந்து ஒட்டியிருந்தால், சோப்பு நுரை என்று கழுவிவிடாதீர்கள். பெண் தவளை பின்னங்கால்களால் கடைந்து கட்டிய கூடு அது. முட்டைகள் உள்ளே இருக்கும். சில நாட்களில் தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாக நீரில் விழும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே தூரத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைக்க மறக்க வேண்டாம்.