ஓடும் ஆட்டமும் நிற்கும் படமும்

ஆஸ்திரேலிய வீரர் விக்டர் டிரம்பர், மட்டையை ஓங்கி, இறங்கி வந்து அடிக்க முனையும் படத்தை நேயர்கள் கண்டிருக்கலாம். 1905-இல் இலண்டன் ஓவல் மைதானத்தில் அதை எடுத்தவர் ஜார்ஜ் பெல்டம். அவரே மிடில்செக்ஸ் அணியின் ஆட்டக்காரர்.

எல்லைக்கோட்டிலிருந்து பிடித்தால் வீரர் எறும்பாகத் தெரிவார். ஆகவே போட்டியில்லா வேளையில் வீரரை அழைத்து, காமிராவை அருகே நிறுத்தி, அடிக்கச் சொன்னார். இது நடிப்பன்றோ என்பீர்கள். நின்ற கோலத்தில் அசையாமல் எடுத்த பழைய படங்களைப் பார்த்தவர் அவ்வாறு சொல்லார். இங்கே உடல் மெய்யாகவே பாய்கிறது.

அடியைக் கண்டபின் ஷட்டரைத் திறந்தால் காலம் கடந்துவிடும். கால் பெயரும்போதே கை முந்தவேண்டும். அந்தக் கணிப்பைப் பெல்டமுக்குக் கற்பித்தது காமிரா அன்று. அவர் ஆடிய ஆட்டம். அவ்வாண்டே சி. பி. ஃபிரையுடன் வெளியிட்ட நூலில் 600 படங்கள் இடம்பெற்றன.

டிரம்பர் 1915-இல், 37 வயதில் மறைந்தார். அவர் ஆட்டத்தை நாம் அறிவது பெரும்பாலும் அந்த ஒரு படத்தால்தான்.