முத்துப் பார்களும் நெகிழித் துகள்களும்

தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. அந்தப் பழியைப் பிளாஸ்டிக் மீது போட முடியாது. அன்று இக்கடலில் அது மிக அரிது. டச்சுக்காரர், ஆங்கிலேயர் காலங்களிலும் முத்துச்சிப்பி வாழும் கடலடித் திட்டுகளான பார்கள் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடந்து, பின்பு சிப்பி பெருகி மீண்டிருக்கின்றன. இப்போதும் மீளும் என்போரின் வாதம் இந்த வரலாற்றிலிருந்தே வருகிறது. ஆனால் ஒவ்வொரு மீட்சியும் முட்டையையும் பாறையில் ஒட்டும் குஞ்சுச் சிப்பியையும் நம்பியது. நெகிழித் துகள் கைவைப்பது அங்கேதான். சிப்பி நீரை வடிகட்டி உண்பதால் பாசியோடு துகளையும் விழுங்குகிறது. 2016-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், பாலிஸ்டைரீன் துகள்களோடு இரண்டு மாதம் வளர்ந்த பசிபிக் சிப்பிகளின் முட்டை எண்ணிக்கை 38 சதவீதம் குறைந்தது.

சோதனைத் தொட்டியில் துகள் கடலைவிட அதிகம் என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் தொட்டியில் இரண்டு மாதம். கடலிலோ வாழ்நாள் முழுவதும். தூத்துக்குடிக் கரையின் உணவுச் சிப்பிகளில் துகள்கள் இருப்பதை 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. முத்துச்சிப்பி வேறு இனம்தான், உண்ணும் முறை ஒன்றே. பார்கள் மீளக் காத்திருப்பது மட்டும் போதாது. கடலில் நைந்து துகளாகும் கிழிந்த நைலான் வலைகள் அங்கே விழாமல் கரைக்குத் திரும்ப, மீன்பிடித் துறைமுகத்தில் அவற்றுக்கு இடமும் விலையும் கொடுங்கள்.