நமக்கான வரைபடத்தாளை நாமே அச்சிடலாம்

வரைபடத்தாள் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது ஒரே வகைத் தாள்தான். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு மில்லிமீட்டர் அளவில் நூறு சிறு கட்டங்கள். மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபட வினாவுக்கு 8 மதிப்பெண் உண்டு என்பதால், அந்த ஓராண்டு முழுவதும் மாணவர்கள் இந்தத் தாளோடு மிகவும் பழகிவிடுகிறார்கள். தேர்வு முடிந்ததும் பெரும்பாலோரின் வாழ்விலிருந்து அது விடைபெற்றுவிடுகிறது.

இதனால் நேரும் இழப்பு ஒன்று உண்டு. கட்டங்கள் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மையில், கட்டங்களை எப்படி அமைக்கிறோம் என்பதைப் பொறுத்தே தரவுகளில் எது நம் கண்ணுக்குப் புலப்படும், எது மறைந்துபோகும் என்பது முடிவாகிறது. கடையில் கிடைக்கும் தாள் ஒன்றே என்றாலும், வீட்டில் உள்ள கணினியையும் சாதாரண அச்சுப்பொறியையும் கொண்டு தேவைக்கேற்ற கட்டத்தாளை எவரும் உருவாக்கிக்கொள்ளலாம். அதற்குச் சிறிது கணக்கும் சிறிது கவனமும் போதும்.

ஒரு நூற்றாண்டுப் பழக்கம்

பிரெஞ்சு அறிஞர் ரெனே தெகார்த் வடிவியலையும் இயற்கணிதத்தையும் இணைத்துக் காட்டிய நூல் 1637இல் வெளிவந்தது. ஆனால், கட்டங்கள் அச்சிடப்பட்ட தாள் விற்பனைக்குரிய பொருளாக இங்கிலாந்தில் உருவெடுத்தது 1790களில்தான். மேகங்களுக்குப் பெயர் சூட்டியவராக அறியப்படும் லூக் ஹோவர்டு, காற்றழுத்த மாறுபாடுகளைக் காட்ட அச்சிட்ட கட்டத்தாளைத் தம் ஆய்வில் 1800இல் பயன்படுத்தினார். அமெரிக்கக் கணிதக் கழகத்தின் தலைவராக இருந்த ஈ.எச்.மூர், 1902இல் ஆற்றிய உரையில் பள்ளிக் கல்வியில் கட்டத்தாளின் பயன்பாட்டை வலியுறுத்தினார். ஆக, இன்று மாற்ற இயலாத ஒன்றாகத் தோன்றும் வரைபடத்தாள், வகுப்பறைக்குள் பரவலாக நுழைந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது.

ஒரே தரவு, இரண்டு தாள்கள்

தாளின் தேர்வு ஏன் முக்கியம் என்பதற்கு நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே சான்று. இந்தியாவின் மக்கள்தொகை 1951இல் 36.1 கோடி, 1961இல் 43.9 கோடி, 1971இல் 54.8 கோடி, 1981இல் 68.3 கோடி, 1991இல் 84.6 கோடி, 2001இல் 102.9 கோடி, 2011இல் 121.1 கோடி. இந்த ஏழு புள்ளிகளையும் சாதாரண வரைபடத்தாளில் குறித்து இணைத்தால், மேலே ஏறிக்கொண்டே செல்லும் கோடு ஒன்று கிடைக்கும். இறுதி இருபது ஆண்டுகளில் அது மிகச் செங்குத்தாக உயர்வதைக் காண்பவர், மக்கள்தொகைப் பெருக்கம் கட்டுக்கடங்காமல் போய்விட்டது என்றே முடிவு செய்வார்.

இதே புள்ளிகளை அரை மடக்கைத்தாளில் குறித்துப் பார்க்க வேண்டும். இத்தாளின் கிடை அச்சு வழக்கம்போல் சம இடைவெளி கொண்டது. செங்குத்து அச்சிலோ 1இலிருந்து 2க்கு உள்ள தூரமும், 2இலிருந்து 4க்கு உள்ள தூரமும், 50இலிருந்து 100க்கு உள்ள தூரமும் ஒன்றே. அதாவது, சமமான கூட்டலுக்குப் பதிலாகச் சமமான பெருக்கல் சம தூரமாகிறது. மாறாத விகிதத்தில் வளரும் எதுவும் இத்தாளில் நேர்கோடாக அமையும். நம் மக்கள்தொகைக் கோடு இதில் 1961 முதல் 1981 வரை ஏறக்குறைய நேராகச் சென்று, பின்னர் படிப்படியாகச் சாய்வு குறைந்து வளைகிறது. பத்தாண்டு வளர்ச்சி விகிதம் 1961-71இல் 24.8 சதவீதமாக இருந்து, 2001-11இல் 17.7 சதவீதமாகக் குறைந்த செய்தியைச் சாதாரணத் தாள் மறைத்தது. இந்தத் தாள் வெளிப்படுத்துகிறது. எண்ணிக்கை கூடியதும் உண்மை. வளர்ச்சியின் வேகம் தணிந்ததும் உண்மை. இரண்டையும் காண இரண்டு தாள்கள் தேவைப்படுகின்றன.

2020இல் கரோனா தொற்று எண்ணிக்கையை மடக்கை அளவில் வரைந்த படங்கள் உலகெங்கும் ஊடகங்களில் வெளியாகின. அவற்றில் கோடு சற்றுப் படுத்ததைக் கண்டு தொற்றே குறைந்துவிட்டதாகக் கருதுவது எளிதில் நேரக்கூடிய பிழை. ஒருமுறையேனும் தன் கையால் இத்தகைய தாளில் புள்ளி குறித்தவருக்கு அந்த மயக்கம் எழ வாய்ப்புக் குறைவு.

இத்தாளைச் செய்வது கடினமன்று. பத்து சென்டிமீட்டர் உயரத்தை 1 முதல் 10 வரையிலான ஒரு சுற்றாகக் கொண்டால், அடிக்கோட்டிலிருந்து 2க்கான கோடு 30.1 மில்லிமீட்டரிலும், 3க்கானது 47.7இலும், 4க்கானது 60.2இலும், 5க்கானது 69.9இலும், 6க்கானது 77.8இலும், 7க்கானது 84.5இலும், 8க்கானது 90.3இலும், 9க்கானது 95.4இலும், 10க்கானது 100இலும் வரும். அதற்கு மேல் இதே இடைவெளிகளை மீண்டும் அடுக்கினால் 10 முதல் 100 வரையிலான இரண்டாம் சுற்று கிடைக்கும். மக்கள்தொகைக் கணக்குக்கு இந்த இரு சுற்றுகளின் எண்களையும் பத்தால் பெருக்கி, 10 கோடி முதல் 1,000 கோடி வரை எனக் கொண்டால் போதும்.

கோலமும் தறியும்

சதுரமல்லாத கட்டங்கள் நமக்குப் புதியவை அல்ல. நேர்ப்புள்ளிக் கோலம் சதுரக் கட்டத்தின் மீது எழுகிறது. இடுக்குப்புள்ளிக் கோலம் முக்கோணக் கட்டத்தின் மீது எழுகிறது. இடுக்குப்புள்ளித் தாளை அச்சிட விரும்புவோர், ஒரு வரிசையில் புள்ளிகளுக்கிடையே 10 மில்லிமீட்டர் விட்டால், அடுத்த வரிசையை 8.66 மில்லிமீட்டர் தள்ளியும் 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தியும் அமைக்க வேண்டும். அப்போதுதான் அருகருகே உள்ள எந்த மூன்று புள்ளிகளும் சமபக்க முக்கோணமாகும். பெட்டி, படிக்கட்டு, கட்டடம் ஆகியவற்றின் முப்பரிமாணத் தோற்றத்தை வரைவதற்கும் இதே தாள் உதவும். அந்த வரைமுறையை கேம்பிரிட்ஜின் வில்லியம் ஃபாரிஷ் 1822இல் விளக்கினார்.

தறியின் தேவை வேறு. சேலையின் புட்டாவையோ கரையையோ கட்டத்தாளில் வரையும்போது, ஒரு கட்டம் என்பது ஒரு பாவு நூலும் ஓர் ஊடை நூலும் சந்திக்கும் இடம். ஓர் அங்குலத்தில் 80 பாவு நூல்களும் 60 ஊடை நூல்களும் உள்ள துணியை எடுத்துக்கொண்டால், துணியில் அந்தக் கட்டத்தின் அகலமும் உயரமும் 3:4 என்ற விகிதத்தில் இருக்கும். சதுரக் கட்டத்தில் வட்டமாக வரைந்த உருவம், துணியில் நீண்டு முட்டை வடிவாகிவிடும். அகலம் 3 மில்லிமீட்டர், உயரம் 4 மில்லிமீட்டர் கொண்ட கட்டங்களை அச்சிட்டு அதில் வரைந்தால், தாளில் காண்பதே துணியிலும் வரும். பின்னல் வேலை செய்வோருக்கும் இது பொருந்தும்.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்கோ மில்லிமீட்டர் கட்டம் வெறும் மங்கலான நிறப்பரப்பு. சிறு கட்டங்களை நீக்கிவிட்டு, ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் தடித்த கருங்கோடுகள் மட்டும் கொண்ட தாளை, பளபளப்பற்ற காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் அவரும் பயிற்சியில் பங்கேற்க முடியும். இதற்காகும் செலவு ஒரு தாளின் விலைதான்.

அளவும் கோடும்

ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. பெரும்பாலான அச்சுப்பொறிகள் தாளின் விளிம்புவரை அச்சிடுவதில்லை. எனவே, கட்டப்பரப்பை 180 மில்லிமீட்டர் அகலம், 260 மில்லிமீட்டர் உயரம் என வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. இடமும் வலமும் 15 மில்லிமீட்டர், மேலும் கீழும் 18.5 மில்லிமீட்டர் ஓரம் கிடைக்கும். 180 கட்டங்களுக்கு 181 கோடுகள் வேண்டும் என்பதை மறக்கலாகாது.

மில்லிமீட்டர் கோடுகளுக்கு 0.1, ஐந்து மில்லிமீட்டர் கோடுகளுக்கு 0.2, சென்டிமீட்டர் கோடுகளுக்கு 0.4 மில்லிமீட்டர் தடிமன் பொருத்தமாக இருக்கும். கட்டங்கள் பின்னணியில் அடங்கியிருக்க வேண்டும். நாம் வரையும் கோடே முன்னால் தெரிய வேண்டும். இதற்காக வெளிர் சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தால், கறுப்பு மட்டும் அச்சிடும் லேசர் பொறி அந்நிறத்தைப் புள்ளிகளாக்கிக் காட்டும். மெல்லிய கோடுகள் அறுந்து தோன்றும். அத்தகைய பொறியில் நிறத்தை வெளிறச் செய்வதைவிடக் கோட்டை மெல்லியதாக்குவதே நல்லது. மை தெளிக்கும் வண்ணப் பொறியில், பல மைகளைக் கலக்காமல் நீலப்பச்சை மையை மட்டும் பயன்படுத்தும் நிறம் தெளிவாக விழும்.

இங்கே மறைந்திருக்கும் பிழை ஒன்றையும் அறிந்திருக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் இடும் பொறியில், ஒரு மில்லிமீட்டர் என்பது 23.6 புள்ளிகள். அதை 24 என முழுமையாக்கி, ஒவ்வொரு கோட்டையும் முந்தைய கோட்டிலிருந்து 24 புள்ளிகள் தள்ளி வரைந்தால், 180ஆவது கட்டத்தில் கோடு 182.9 மில்லிமீட்டரில் போய் நிற்கும். ஒவ்வொரு கோட்டின் இடத்தையும் தொடக்கக் கோட்டிலிருந்தே கணக்கிட்டால் இந்தப் பிழை சேராது. ஆகவே, கட்டத்தைப் புகைப்படம் போன்ற படக்கோப்பாக வைத்துக்கொள்ளாமல், கோடுகளின் அளவையே பதிவு செய்யும் திசையன் கோப்பாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ சேமிக்க வேண்டும்.

கட்டணமின்றிக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் சதுரம், முக்கோணம், வட்டம் ஆகிய மூவகைக் கட்டங்களையும் உருவாக்கும் வசதி உள்ளது. லிப்ரே ஆபீஸ் விரிதாளில் நெடுவரிசையின் அகலத்தையும் கிடைவரிசையின் உயரத்தையும் சென்டிமீட்டரில் குறிப்பிடலாம். எக்செல் பயன்படுத்துவோர் மட்டும் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். அதன் வழக்கமான காட்சியில் அகலம் எழுத்துகளின் எண்ணிக்கையிலும், உயரம் ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கான அலகிலும் அளக்கப்படுவதால், இரண்டிலும் ஒரே எண்ணை இட்டால் சதுரம் கிடைக்காது.

அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது

வீட்டில் அச்சிடும் வரைபடத்தாள் பெரும்பாலும் கெட்டுப்போவது இறுதிக் கட்டத்தில்தான். அச்சிடும் சாளரத்தில், பக்கத்துக்குப் பொருந்தச் செய்யும் தெரிவு தானாகவே இயங்கி, படத்தைச் சில சதவீதம் சுருக்கிவிடும். 97 சதவீதமாகச் சுருங்கினால் 180 மில்லிமீட்டர் 174.6 ஆகிவிடும். அமெரிக்க லெட்டர் தாள் 279.4 மில்லிமீட்டர் உயரமே கொண்டது. அமைப்பில் அத்தாள் தேர்வாகியிருந்தால், ஏ4 பக்கம் 94 சதவீதமாகக் குறைந்துவிடக்கூடும். ஆகவே, தாளின் வகை ஏ4 என்பதையும், அளவு 100 சதவீதம் என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அதன் பிறகும், கிடையாகவும் செங்குத்தாகவும் 150 மில்லிமீட்டர் கோடு ஒவ்வொன்றை அச்சிட்டு, நல்ல அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். தாளை இழுக்கும் உருளைகளைப் பொறுத்து, செங்குத்து அளவு சற்று மாறக்கூடும். லேசர் பொறியின் வெப்பத்தில் காகிதத்தின் ஈரம் குறைந்து சுருங்குவதும் உண்டு. எனவே தாள் ஆறிய பிறகே அளக்க வேண்டும். 150 மில்லிமீட்டர் கோடு 149 ஆக விழுந்தால், அந்தத் திசையில் கோப்பின் அளவை 100.7 சதவீதமாக்கினால் சரியாகும்.

இவ்வளவு துல்லியம் எல்லாவற்றுக்கும் தேவையா என்று கேட்கலாம். தேவையில்லை. கட்டங்களை எண்ணிப் படிக்கும் வரைபடத்தில் தாள் சுருங்கினாலும் விடை மாறாது. இதயத் துடிப்பைப் பதியும் இசிஜி தாளில், வழக்கமான வேகத்தில் ஒரு மில்லிமீட்டர் கட்டம் 0.04 வினாடியைக் குறிக்கும். நகலெடுக்கும்போது தாள் சுருங்கினால் கட்டமும் சேர்ந்தே சுருங்குவதால், கட்டங்களை எண்ணுபவர் தவறுவதில்லை; அளவுகோலை வைத்து அளப்பவரே தவறுவார். மனையின் வரைபடம், தையல் அளவு, வடிவியல் வரைவு போன்று தாளின் மீது நேரடியாக அளந்து பார்ப்பவற்றுக்கு 100 சதவீத அளவு கட்டாயம்.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

பொதுத்தேர்வில் வழங்கப்படும் தாளில்தான் மாணவர்கள் வரைந்தாக வேண்டும். அதில் மாற்றம் கோரவில்லை. ஆனால், தேர்வுக்கு அப்பாலும் ஆண்டில் வகுப்புகள் உண்டு. தமிழக அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அங்குள்ள கணினிகளில், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு மாணவரும் தாம் எடுத்துக்கொண்ட தரவுக்குப் பொருத்தமான கட்டத்தாளைத் தாமே வடிவமைத்து, அச்சிட்டு, அளந்து சரிபார்த்து, அதில் வரைபடம் வரையும் பயிற்சியை ஆசிரியர்கள் அளிக்கலாம். விகிதம், மடக்கை, அலகு மாற்றம், பிழையின் அளவு என வெவ்வேறு பாடங்களில் சிதறிக் கிடப்பவை அந்த ஒரு தாளில் ஒன்றுசேரும்.

நாளேடுகளிலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் நாள்தோறும் வரைபடங்கள் நம் முன் வைக்கப்படுகின்றன. விலைவாசி, வேலையின்மை, நோய்த்தொற்று, தேர்தல் என அனைத்தையும் அவை வழியாகவே அறிகிறோம். அவற்றின் அச்சுகளையும் கட்டங்களையும் யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்தத் தேர்வை ஒருமுறையாவது தாமே செய்து பார்த்த இளைஞர், பிறர் காட்டும் கோட்டின் ஏற்ற இறக்கத்தைக் கண்டு வியப்பதற்கு முன்னர் அதன் அளவுத்திட்டம் என்ன என்று கேட்பார். அப்படிக் கேட்கும் பழக்கத்தைப் பள்ளியிலேயே தொடங்கிவைப்பது நம் பொறுப்பு.