வழிப்போக்கரும் விடுதியும்: யப்பானிய விருந்தோம்பல் மரபும் எமது கரையும்

விருந்தோம்பல் தமிழர் தமக்கே உரியதெனப் பெருமையோடு பேசிவரும் பண்புகளுள் ஒன்றாகும். வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். ஆற்றுப்படை நூல்கள் வழிப்போக்கரை எதிர்கொண்டு உணவளித்த ஊர்களை வரிசைப்படுத்திக் காட்டின. கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊர்களிலும், பயணி ஒருவரை மூன்று நாள்வரை விருந்தினராகக் கொள்ளல் கடமை என்னும் இஸ்லாமிய நெறி ஆழ வேரூன்றியுள்ளது. எனினும், இன்று உலகில் விருந்தோம்பலைப் பற்றிப் பேசுவோர் முதலிற் சுட்டும் நாடு யப்பானாகவே இருக்கின்றது. 2020 ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவைத் தோக்கியோவிற்குப் பெறுவதற்காக 2013 இல் நிகழ்த்தப்பட்ட உரையில் எடுத்தாளப்பட்ட 'ஒமோத்தெனாஷி' என்ற சொல், அதன் பின்னர் அந்நாட்டு விருந்தோம்பலின் பெயராகவே உலகெங்கும் வழங்கலாயிற்று.

இப்பண்பு யப்பானியரின் பிறவிக்குணம் என்பது பலரது எண்ணம். பிறவிக்குணம் என்று கூறிவிட்டால், அதன்பின் கற்றுக்கொள்ள எதுவுமில்லை. ஆனால் வரலாறு வேறொன்றை உணர்த்துகின்றது. மனைவி மக்களுடன் ஒருவர் அச்சமின்றித் தங்கக்கூடிய விடுதி, சட்டத்தாலும் வணிகரின் உடன்படிக்கையாலும் இல்லத்துப் பெண்களின் உழைப்பாலும் பல நூற்றாண்டுகளிற் படிப்படியாக ஆக்கப்பட்டது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, அதன் ஒளியில் ஒலுவிலை உள்ளடக்கிய எமது கரையோரத்தின் மரபை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசனின் பாதையும் துறவியின் கொட்டிலும்

ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சீன முறையைத் தழுவி யப்பானிய அரசு தன் நெடும்பாதைகளில் நிலையங்களை அமைத்தது. அங்கு குதிரைகளும் உணவும் இருந்தன. ஆனால் அவை அரசனின் தூதருக்கும் அதிகாரிகளுக்கும் மட்டுமே உரியன. வரிப்பொருளைத் தோளிற் சுமந்து தலைநகருக்குச் சென்ற குடியானவனுக்கு அங்கு இடமில்லை. திரும்பும் வழியிற் பசியாலும் நோயாலும் இறந்தோர் பலர். இக்கொடுமையைக் கண்டு இரங்கிய பௌத்த துறவி கியோக்கி (668-749), பாலங்களும் குளங்களும் அமைத்ததோடு, இத்தகைய வழிப்போக்கருக்கெனத் தருமக் கொட்டில்களையும் நிறுவினார். யப்பானில் எளியோர்க்கான தங்குமிடத்தின் தொடக்கம் இங்கேயே காணப்படுகின்றது. அது விலையின்றி வழங்கப்பட்ட அறமாகும். எமது மடங்களின் தோற்றத்திற்கும் அதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

வெந்நீர் ஊற்றுகளையொட்டி எழுந்த விடுதிகளும் தொன்மை வாய்ந்தவை. யமநாஷி மாகாணத்திலுள்ள கெயுன்கான் என்னும் விடுதி 705 ஆம் ஆண்டிலும், இஷிகாவா மாகாணத்திலுள்ள ஹோஷி என்னும் விடுதி 718 ஆம் ஆண்டிலும் நிறுவப்பட்டன என்பது மரபுவழிச் செய்தி. ஹோஷி விடுதி நாற்பத்தாறு தலைமுறைகளாக ஒரே குடும்பத்தின் பொறுப்பில் இருந்து வருவதாகக் கூறப்படுகின்றது.

தோக்கைடோப் பெருவழி

1601 இல் தொக்குகாவா இயேயசு, எடோ நகரையும் கியோத்தோவையும் இணைத்த தோக்கைடோப் பெருவழியில் நிலைய முறையை ஒழுங்குபடுத்தினார். ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீண்ட அவ்வழியில் ஐம்பத்து மூன்று நிலையங்கள் அமைந்தன. 1635 இல், சிற்றரசர்கள் ஆண்டுக்கொரு முறை மாறி மாறி எடோவிலும் தம் நாட்டிலும் வாழவேண்டும் என்ற விதி சட்டமாக்கப்பட்டது. சிற்றரசர்கள் நூற்றுக்கணக்கான பரிவாரங்களோடு ஓயாது பயணம் செய்யவே, நிலையங்கள் ஊர்களாக வளர்ந்தன.

அந்நிலையங்களில் மூவகைத் தங்குமிடங்கள் இருந்தன. சிற்றரசரும் உயர் அதிகாரிகளும் தங்கியவை ஹொன்ஜின் எனப்பட்டன. பொதுமக்கள் அங்கு தங்க இயலாது. பொதுமக்களுக்கு இரவு உணவும் காலை உணவும் அளித்த விடுதிகள் ஹத்தாகோ எனப்பட்டன. இவற்றினும் எளியது கிசின்யாடோ. இங்கு பயணி தன் அரிசியைத் தானே கொண்டுவந்து சமைத்துக்கொள்வார். சமைக்கும் விறகிற்கு மட்டுமே விலை கொடுப்பார். 'விறகுக் கூலி விடுதி' என்பதே அப்பெயரின் பொருள். மூட்டை முடிச்சோடு வந்து மடத்து முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிய எமது யாத்திரிகரை இது நினைவூட்டுகின்றது. மடத்தில் விறகிற்கும் விலையில்லை என்பதே வேறுபாடு. சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டின் விளைவு பெரிது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நனிவா உடன்படிக்கை

விலை கொடுத்துத் தங்கும் முறை வந்தவுடனேயே விருந்தோம்பல் செழித்தது என எண்ணுதல் தவறு. போட்டி மிகுந்தபோது, பயணியைக் கையைப் பிடித்து இழுத்துச் செல்வதும், உணவு பரிமாறும் பெண்களைப் பரத்தமைக்கு உட்படுத்துவதும் ஹத்தாகோக்களில் வழக்கமாயின. வறிய குடும்பங்களிலிருந்து முன்பணத்துக்கு ஒப்படைக்கப்பட்ட இப்பெண்களின் வாழ்வு துயர் மிக்கது. 1718 இல் அரசு ஒரு விடுதிக்கு இருவர் என அவர்தம் எண்ணிக்கைக்கு வரம்பிட்டதேயன்றி, வழக்கத்தை ஒழிக்கவில்லை. இந்நிலையில், தனித்துச் செல்லும் வணிகர்க்கும், இசே ஆலயத்திற்கு யாத்திரை செல்லும் பெண்களுக்கும், பிள்ளைகளோடு செல்லும் குடும்பங்களுக்கும் நம்பித் தங்க இடமில்லாது போயிற்று.

இதற்குத் தீர்வு கண்டவர்கள் அரசரோ அறிஞரோ அல்லர். ஒசாக்காவில், பஞ்சு கொட்டும் வில்லிற்கு நாண் செய்து விற்ற மத்சுயா ஜின்ஷிரோ என்ற வணிகரும், அவருக்காக ஊரூராகச் சென்று வாணிகம் செய்த அவரது பணியாளரும் 1804 இல் ஓர் உடன்படிக்கைச் சங்கத்தை அமைத்தனர். ஒசாக்காவின் பழம்பெயரால் அது நனிவாச் சங்கம் என வழங்கலாயிற்று. பெருவழிகளில் நேர்மையான விடுதிகளைத் தெரிந்து சங்கத்திற் சேர்த்தனர். அவ்விடுதிகளின் வாயிலிற் சங்கத்தின் பெயர்ப்பலகை தொங்கியது. பயணிக்கு அடையாளச் சீட்டொன்று வழங்கப்பட்டது. விடுதிகளின் பெயர்களைக் கொண்ட வழிகாட்டி நூலும் அச்சிடப்பட்டது. சூதாட்டம், பரத்தமை, குடித்துக் கூச்சலிடல் ஆகிய மூன்றும் அங்கு விலக்கப்பட்டன. இந்த விதிகள் விடுதிக்காரரை மட்டுமன்றிப் பயணியையும் கட்டுப்படுத்தியமை நோக்கற்பாலது. நல்ல விருந்தினராக இருக்கவும் ஒருவர் கடமைப்பட்டார். இதன் வெற்றியைக் கண்டு இதுபோன்ற வேறு சங்கங்களும் தோன்றின. குடும்பத்தோடு தங்கத்தக்க விடுதி என்ற கருத்து, தெளிவான விதிகளாக யப்பானிய வரலாற்றில் வடிவம் பெற்றது இவ்வாறே எனலாம்.

அறையின் அமைப்பும் இல்லத் தலைவியும்

நிலைய முறை மெய்ஜி ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் ஒழிக்கப்பட்டது. 1889 இல் தோக்கியோவிலிருந்து கோபே வரை புகைவண்டிப் பாதை முற்றுப்பெற்றது. பெருவழி விடுதிகள் பல மறைந்தன. எஞ்சியவையும் வெந்நீர் ஊற்று விடுதிகளும் இன்று 'றியோகான்' என வழங்கும் வடிவத்தை அடைந்தன. அதன் அறையில் மேசை கட்டில்கள் நிறைந்திருப்பதில்லை. தரையில் 'தத்தாமி' என்னும் வைக்கோற் பாய்கள் பதிக்கப்பட்டிருக்கும். ஒரு பாய் ஏறத்தாழ ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உடையது. எட்டுப் பாய் அறை என்றால் அதன் அளவு எவருக்கும் விளங்கும். பகலில் அது கூடம். மாலையில் தாழ்ந்த மேசையில் உணவு பரிமாறப்படும்போது உண்ணும் இடம். இரவில் மெத்தைகள் விரிக்கப்படும்போது படுக்கையறை. தாய் தந்தையர், பாட்டி, குழந்தை என அனைவரும் ஒரே அறையில் அருகருகே படுக்கலாம்; குழந்தை கட்டிலிலிருந்து விழும் என்ற அச்சமில்லை. பாய் விரித்துப் படுத்து, கூடத்தையே உண்ணும் இடமாகவும் உறங்கும் இடமாகவும் கொண்ட எமது பழைய வீடுகளை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது.

இவ்விடுதியின் உயிர்நாடி 'ஒக்காமி' எனப்படும் தலைவியாவார். வாயிலில் விருந்தினரை வரவேற்பவரும், பணியாளரைப் பயிற்றுபவரும், எவருக்கு எவ்வுணவு ஒவ்வாது என நினைவிற் கொள்பவரும், புறப்படும் விருந்தினர் கண்ணுக்கு மறையும்வரை நின்று வழியனுப்புபவரும் அவரே. பெரும்பாலும் உரிமையாளரின் மனைவியாக விளங்கும் ஒக்காமியின் பொறுப்பு, மாமியாரிடமிருந்து மருமகளுக்குச் சென்று வந்துள்ளது. விருந்தினர்க்கு முன் எழுந்து, அவர்க்குப் பின் உறங்கும் வாழ்வு அது. அதன் பாரம் சிறிதன்று. ஆயினும், அவ்வுழைப்பிற்கு ஒரு பதவிப் பெயரும் ஊரறிந்த மதிப்பும் உண்டு.

எமது மரபு

இனி எமது பக்கம் நோக்குவோம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவர யாத்திரை வழியில் அமைத்த சத்திரங்கள் தமிழர் நிலத்து விருந்தோம்பலின் உச்சங்களுள் ஒன்று. அவற்றைக் காக்கவேண்டி 1801 இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு இரண்டாம் சரபோஜி எழுதிய கடிதம், அங்கு வழிப்போக்கர்க்கு உணவளிக்கப்பட்டதையும், நோயுற்றோர்க்கு மருத்துவர் இருந்ததையும், கருவுற்ற பெண்களும் ஆதரவற்ற குழந்தைகளும் பேணப்பட்டதையும் எடுத்துரைக்கின்றது. ஈழத்திலும் மடமும் கேணியும் சுமைதாங்கியும் வழிதோறும் எழுந்தன. பருத்தித்துறையின் தெருமூடிமடம் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கின்றது.

கிழக்குக் கரையோ வந்தாரை ஏற்று வளர்ந்த கரை. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதியினின்று வெளியேற்றிய முஸ்லிம்களைக் கண்டியரசன் செனரத் 1626 இல் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றிய செய்தி வரலாற்றறிஞர் பலரும் எடுத்தாள்வது. பொதிமாடுகளைத் தவளங்களாகச் சேர்த்துக் கண்டி நாட்டிற்கு உப்பும் கருவாடும் கொண்டுசென்ற முஸ்லிம் வணிகர், அந்நியர் ஊரில் விருந்தினராகத் தங்கி வாழ்ந்தவர்கள். கதிர்காமத்திற்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், உகந்தை வழியாக இக்கரையோரமாகவே செல்கின்றனர். இடையிலுள்ள முஸ்லிம் ஊர்களிலும் அவர்களுக்குத் தாகசாந்தி அளிக்கும் வழக்கம் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000 இற்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டபோது, பள்ளிவாசல்களும் கோயில்களும் பாடசாலைகளும் உயிர் தப்பியோரின் புகலிடங்களாயின.

இவ்வளவு வளம் பொருந்திய மரபு ஏன் ஒரு விடுதி மரபாக மலரவில்லை? விறகிற்கும் விலை கொள்ளாத எமது அறம், அதனை வாழ்தொழிலாக எண்ண இடந்தரவில்லை. நிலமானியமும் செல்வரின் கொடையும் குன்றியபோது சத்திரங்களும் மடங்களும் குன்றின. மறுபுறம், ஒல்லாந்தர் காலத்தில் தோன்றி ஆங்கிலேயர் காலத்தில் நாடெங்கும் பரவிய வாடிவீடுகள், சுற்றுலா செல்லும் உத்தியோகத்தரை முதன்மையாகக் கருதியவை. கல்முனையிலும் வாடிவீடு இருந்தது. அதன் பெயரால் வீதியும் உண்டு. ஆனால், ஹொன்ஜினைப் போன்று அதுவும் அதிகாரத்தின் இல்லமாகவே விளங்கியது. அறத்தின் மடத்திற்கும் அதிகாரத்தின் வாடிவீட்டிற்கும் இடையே, சாதாரணக் குடும்பம் தன் பணத்தைக் கொடுத்துத் தன்மானத்தோடு தங்கும் ஹத்தாகோ எம்மிடையே வளரவில்லை. அவ்விடைவெளியை உறவினர் வீடுகளே நிரப்பின. அவ்வீடுகளின் அடுக்களையில் உழைத்த பெண்களுக்கு ஒக்காமிக்குள்ள பெயரும் இல்லை, பயனும் இல்லை. விருந்தோம்பலைப் புகழ்ந்த எமது நூல்கள், அடுப்படியில் நின்றவரை அரிதாகவே எண்ணிப் பார்த்தன.

ஒலுவிலின் முன் நிற்கும் வினா

1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் முழுமை பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலுக்கு நாடெங்குமிருந்து மாணவரையும் பெற்றோரையும் கொண்டுவருகின்றது. 2009 இல் போர் முடிந்தபின் அறுகம்பைக்குச் செல்லும் பயணிகள் இக்கரையோரப் பாதையையும் பயன்படுத்துகின்றனர். இவர்களை வரவேற்கப்போவது யார்? வெளியிலிருந்து வரும் பெருமுதலின் உல்லாச விடுதியா, அல்லது ஊரவர் தாமே நடத்தும் இல்லமா? குடியும் கூச்சலும் தம் ஊரிற் புகும் என்ற முதியோரின் அச்சம் நியாயமானது. அந்த அச்சத்திற்கு 1804 இல் ஒசாக்கா வணிகர் கண்ட விடை, வாயிலை அடைப்பதாக அமையவில்லை. வாயிலில் விதியை எழுதித் தொங்கவிடுவதாக அமைந்தது. தொழுகைக்கோர் இடம், பெண்களுக்கு மறைவான நீராடுமிடம், பாய் விரித்த பெரிய அறை, வீட்டுச் சமையல், மதுவுக்குத் தடை எனச் சில விதிகளை ஊரின் இல்லத்தார் சிலர் கூடி உடன்பட்டு வகுப்பின், அதுவே இக்கரையின் நனிவாச் சங்கமாகும். அவ்வில்லங்களின் வருவாய் அவற்றை நடத்தும் பெண்களின் கையிற் சேர்தலும் அவ்விதிகளுள் ஒன்றாதல் வேண்டும்.

யப்பானிய மரபும் இன்று நலிவடைந்து வருகின்றது என்பதை மறத்தலாகாது. 1980 அளவில் 80,000 இற்கு மேலாக இருந்த றியோகான்கள் 2017 இல் 40,000 இற்கும் குறைந்தன. பதின்மூன்று நூற்றாண்டுத் தொன்மையுடைய கெயுன்கான் விடுதியே வாரிசு முன்வராமையால் 2017 இற் குடும்பத்திற்கு வெளியேயுள்ள நெடுநாட் பணியாளரொருவரின் பொறுப்பிற்குச் சென்றது. பிறவிக்குணமாயின் அது இவ்வாறு தேய்ந்திராது. ஆக்கப்பட்டது எதுவும் பேணப்படாவிடின் அழியும். அதே காரணத்தால், இல்லாதவிடத்தில் அதனை ஆக்கவும் இயலும். வந்தாரை ஏற்ற கரைக்கு விருந்தோம்பலைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. அதனை நிலைபெறச் செய்யும் ஒழுங்கை மட்டும் கற்றல் தகும்.