சிவனொளிபாதமலைக்குச் சென்ற ஒரு 'நடே'

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர்களை, வகுப்புகள் தொடங்குமுன்னரே சிறு குழுக்களாக மலைக்கும் காட்டுக்கும் அனுப்பும் வழக்கம் 1935 ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. இன்று பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் அதனைப் பின்பற்றுகின்றன. அந்நிய நாட்டிலிருந்து வரும் மாணவன் உள்ளூர் மாணவர்களோடு ஒட்டிக்கொள்வதற்கு விரிவுரை மண்டபத்தைக் காட்டிலும் மலைப்பாதையே உகந்தது என்பது அவர்களின் அனுபவம். புலம்பெயர்ந்து வாழும் எமது வாசகர்களின் பிள்ளைகள் பலர் இத்தகைய பயணங்களுக்குப் போய் வந்திருப்பர்.

எமது மலைநாட்டில் இது மிகப் பழைய விடயம். சிவனொளிபாதமலைக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகர் குழுவுக்கு 'நடே' என்று பெயர். பலமுறை ஏறிய அனுபவசாலி ஒருவரே அதன் தலைவர். அவரை 'நடே குரா' என்பர். அவர் நில் என்றால் நிற்க வேண்டும், நட என்றால் நடக்க வேண்டும். முதன்முறை ஏறுபவர் 'கோடுகாரயா'. அவர் செய்ய வேண்டிய சடங்குகள் தனியாக உண்டு. எதிரே இறங்கி வருபவர் யாராயினும் 'கருணாவை' என்று வாழ்த்திச் செல்வர்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1344 இல் இங்கு வந்த மொறோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதாவைக் காணலாம். ஆதத்தின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்ற அவரது விருப்பத்தைக் கேட்ட ஆரியச்சக்கரவர்த்தி, பல்லக்குக் கொடுத்து, நான்கு யோகிகள், மூன்று பிராமணர், தமது பரிவாரத்தினர் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு கூட்டத்தையே துணைக்கு அனுப்பினார். இசுலாமியர் ஒருவருக்கு யோகிகளும் பிராமணரும் வழித்துணை! மலையேறும்போது பிடித்துக்கொள்ளும் சங்கிலிகளை எண்ணிச் சொன்ன அப்பயணி, அட்டையைப் பற்றியும், அது கடித்தால் பிழிவதற்கு மக்கள் எலுமிச்சம்பழத்துடன் திரிந்ததைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறார். அறுநூற்று முப்பது ஆண்டுகளின் பின்னர் நாங்கள் போனபோதும் எங்கள் பையில் எலுமிச்சம்பழம் இருந்தது. அட்டைகளும் குறைவின்றி இருந்தன.

அது 1974 மார்ச். நான் பேராதனையில் மாணவன். எங்கள் குழுவில் ஒன்பது பேர். யாழ்ப்பாணத்தவர் மூவர், மட்டக்களப்பார் ஒருவர், சிங்கள நண்பர்கள் மூவர், பௌத்தம் கற்பதற்கு மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர், மஸ்கெலியாவைச் சேர்ந்த எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன். ஜேர்மன் மாணவர் வந்து நான்கு மாதங்களாகியும் விடுதியில் எவருடனும் அதிகம் பேசியதில்லை. அவரையும் அழைத்துச் செல்வோம் என்றவன் மஸ்கெலியாத் தோழன்தான்.

1884 இல் ஹட்டனை எட்டிய புகையிரதப் பாதையில் சென்று இறங்கி, பேருந்தில் மஸ்கெலியாவுக்குப் போனோம். பழைய மஸ்கெலியா நகரம் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் மூழ்கி அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கோடையில் நீர் வற்றினால் பழைய கோயிலின் கட்டடம் தலைகாட்டும் என்று தோழன் காட்டினான்.

மாலையில் தோட்டத்து லயத்தில் அவனது மாமன் வீட்டுக்குச் சென்றோம். ஒரே காம்பிரா, முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு. அந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதை மூத்த வாசகர்கள் அறிவர். அரிசியும் மாவும் அரிதாகி, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த காலம். அவ்வாறிருந்தும் அந்த அம்மா, "உக்காருங்க தம்பி, சூடா சாப்பிட்டுட்டு மல ஏறலாம்" என்று எங்கள் எல்லோருக்கும் ரொட்டியும் சம்பலும் தந்தார். அந்த மா யாருடைய பங்கிலிருந்து வந்தது என்று அன்று நான் யோசிக்கவில்லை. எங்கள் ஊர் வழக்கில் இம்மக்களைக் குறிக்க ஓர் இழிசொல் இருந்தது. நானும் அதனைச் சர்வசாதாரணமாகப் பயன்படுத்தியவன். அந்த ரொட்டியைத் தின்றபோது அச்சொல் நினைவுக்கு வந்து தொண்டையை அடைத்தது.

எங்களுக்கு நடே குராவாக வந்தவன் அந்த வீட்டு மகன், எங்கள் வயதினன். தோழன் அவனை மச்சான் என்றழைத்ததால் நாங்களும் மச்சான் என்றே அழைத்தோம். அவன் தோட்டத்தில் வேலை செய்தான். நல்லதண்ணியிலிருந்து நள்ளிரவில் ஏறத் தொடங்கினோம். யாழ்ப்பாணத்தவர்களான எங்களுக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். மச்சானோ சிங்கள யாத்திரிகர்களோடு அவர்களுள் ஒருவனாகவே பேசிக்கொண்டு வந்தான். ஊசியும் நூலும் இடும் இடத்தில் கோடுகாரர்களான எங்களுக்கு நூலை எப்படி விட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவனும் அவனே. பாதி வழியில் ஜேர்மன் மாணவர் காலைப் பிசகிக்கொண்டார். அதன் பின்னர் அவர் மச்சானின் தோளையும் எங்கள் தோள்களையும் மாறிமாறிப் பற்றியே ஏறினார். நான்கு மாதங்கள் பேசாதவர் அந்த நான்கு மணித்தியாலங்களில் தமது தந்தை போரில் இறந்தது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனையாவது முறை ஏறினோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். நானும் ஜேர்மன் மாணவரும் ஒவ்வொரு தடவை அடித்தோம். மச்சான் பதினொரு தடவை அடித்தான்.

சூரியன் எழுந்து, மலையின் முக்கோண நிழல் மேற்கே விழுந்தபோது ஜேர்மன் மாணவர் அவனிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். "அடுத்த ஆண்டு பன்னிரண்டாவது தடவையா?" என்பதே கேள்வி. "அடுத்த வருசம் இருக்க மாட்டேன். எங்களுக்கு இந்தியாவுக்கு எழுதியாச்சு" என்றான் மச்சான். எந்த ஊர் என்று கேட்டேன். "தாத்தா ஊரு திருச்சி பக்கமாம். நான் பாத்ததில்ல."

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பித்தும், ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. தோழனின் தகப்பனாரின் விண்ணப்பம் ஏற்கப்பட்டது; மாமனுடையது நிராகரிக்கப்பட்டது. ஆகவே ஒருவன் பல்கலைக்கழக மாணவன், இலங்கைப் பிரஜை. அவனது சொந்த மச்சான் எந்நாட்டுக்கும் உரியவனல்லன். 1964 ஒக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிகுதி 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் உடன்பாடு நாங்கள் மலையேறுவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான், 1974 சனவரியில் முடிவாகியிருந்தது. இவற்றையெல்லாம் நான் தேடிப் படித்தது அந்தப் பயணத்தின் பின்னரே. எங்கள் குழுவில் வெளிநாட்டு மாணவர் என்று நாங்கள் கருதியவரிடம் கடவுச்சீட்டும் விசாவும் இருந்தன. எங்களுக்கு வழிகாட்டியவனிடம் எதுவுமில்லை.

மச்சானின் குடும்பம் 1977 இல் புறப்பட்டது. நானும் தோழனும் ஹட்டன் புகையிரத நிலையத்துக்குப் போயிருந்தோம். அந்த வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம் சென்றார்கள். திருச்சிப் பக்கத்தில் அவர்களுக்கு எதுவும் சரிவரவில்லை. நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு அமைத்த தேயிலைத் தோட்டமொன்றில் மீண்டும் கொழுந்து பறிக்கப் போனார்கள். அங்குள்ளவர்கள் தங்களைச் சிலோன்காரர் என்று அழைப்பதாக மச்சான் எழுதியிருந்தான். ஜேர்மன் நண்பரின் கால் குணமாகிவிட்டதா என்றும் கேட்டிருந்தான்.

1984 இல் கப்பல் சேவை நின்றது. எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியபோது, பத்திரிகைக்கு அச்செய்தியை எழுதியவர்களுள் நானும் ஒருவன். ஜேர்மன் நண்பருக்கு அதனை மின்னஞ்சலில் அனுப்பினேன். மச்சானின் முகவரி அப்போது என்னிடம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நானும் தோழனும் மீண்டும் மலையேறினோம். வயது காரணமாக விடியும் வேளையில் உச்சியை எட்ட முடியவில்லை. நான் மணியை இரண்டு தடவை அடித்தேன். தோழன் தன் கணக்கை அடித்து முடித்தபின் கயிற்றை விடாமல் சற்று நின்று, மச்சானுக்காகப் பன்னிரண்டு தடவை அடித்தான்.