காதல் கடிதமாக வந்த வைரஸ்

2000ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி வியாழக்கிழமை, ஆசிய நாடுகளில் அலுவலகங்கள் இயங்கிக்கொண்டிருந்த வேளையில், 'ஐ லவ் யூ' என்ற தலைப்புடன் ஒரு மின்னஞ்சல் உலாவத் தொடங்கியது. இத்துடன் இணைத்துள்ள காதல் கடிதத்தைத் தயவுசெய்து பாருங்கள் என்ற பொருளில் ஒரேயொரு வரி. அதன் கீழ் ஓர் இணைப்பு. மணிலாவில் இருந்து புறப்பட்ட அந்தக் கடிதம், அலுவலகங்கள் திறக்கும் வரிசையில், சூரியனைப் பின்தொடர்ந்து ஹொங்கொங், ஐரோப்பா, அமெரிக்கா என்று மேற்கு நோக்கிச் சென்றது. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் பொதுச்சபை தனது மின்னஞ்சல் சேவையைச் சிறிது நேரம் மூடி வைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமான பென்டகனும் தப்பவில்லை.

4 கோடியே 50 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன என்றும், நட்டம் 1000 கோடி டொலர் வரை சென்றது என்றும் மதிப்பீடுகள் வெளிவந்தன. இவ்வாறான தொகைகளைச் சற்றுச் சந்தேகத்துடன் நோக்குவது பத்திரிகைத் தொழில் எனக்குத் தந்த பழக்கம். வீணாய்ப்போன வேலை நேரத்தை யார், எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று எவரும் விளக்கியதாகத் தெரியவில்லை. ஆனால், தொகை எதுவாக இருப்பினும், மின்னஞ்சல் என்பது ஆபத்தும் தரக்கூடிய பொருள் என்பதைச் சாதாரண மக்கள் முதன்முதலாக உணர்ந்த நாள் அதுதான்.

அந்தக் கடிதத்தைத் திறந்தவர்களை ஏமாளிகள் என்று பலரும் அந்நாளில் நகையாடினர். அது நியாயமான நகைப்பு அல்ல. அக்கடிதம் அந்நியர் ஒருவரிடமிருந்து வரவில்லை. உடன் பணியாற்றுபவரிடமிருந்து, மேலதிகாரியிடமிருந்து, தம்பியிடமிருந்து, பழைய பள்ளித் தோழரிடமிருந்து வந்தது. இணைப்பைத் திறந்தவுடன் அதனுள் இருந்த நிரல் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று, 'அவுட்லுக்' மென்பொருளின் முகவரிப் புத்தகத்தைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொருவருக்கும் தன்னைத்தானே அனுப்பியதாகும். அனுப்பியவரின் பெயர் உண்மையானது. அவருடைய கணினியில் இருந்தே அது வந்தது. பொய் உள்ளே மட்டும்தான் இருந்தது.

இன்னொரு தந்திரம் கோப்பின் பெயரில் இருந்தது. இணைப்பின் பெயர் 'டீஎக்ஸ்டீ' என்று முடிவதாகத் தோன்றும். அது வெறும் எழுத்துக் கோப்பின் அடையாளம், தீங்கற்றது. உண்மையில் அதற்குப் பின்னால் 'விபிஎஸ்' என்ற இன்னொரு பின்னொட்டும் இருந்தது. அது கணினி உடனே செயற்படுத்தும் நிரலின் அடையாளம். ஆனால், தனக்குத் தெரிந்த வகைக் கோப்புகளின் பின்னொட்டை மறைத்துக் காட்டுவது விண்டோஸின் இயல்பு. பார்வைக்கு அழகாக இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட அந்த ஏற்பாடு கள்வனுக்குத் திரையாக அமைந்தது.

உள்ளே வந்த நிரல் வீட்டிலுள்ளவற்றையும் சும்மா விடவில்லை. 'ஜேபெக்' வகைப் படங்களைத் தேடி, அவை இருந்த இடத்தில் தன்னையே எழுதிவைத்தது. பாடல் கோப்புகளை மாத்திரம், ஏனோ, அழிக்காமல் மறைத்து வைத்தது. ஜேர்மனியில் ஹம்பேர்க் நகரப் பத்திரிகையொன்று தனது படக் களஞ்சியத்தில் இருந்து 2000 வரையிலான புகைப்படங்களை இழந்ததாக அப்போது செய்தி வந்தது. ஒரு பத்திரிகை அலுவலகத்தில் படக் களஞ்சியம் என்பது என்னவென்று அறிந்தவர்களுக்கு அச்செய்தியின் கனம் விளங்கும்.

இந்த வழியைக் கண்டுபிடித்தது மணிலா அல்ல. 1987 டிசெம்பரில் ஜேர்மனியின் கிளவுஸ்தால் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நத்தார் வாழ்த்து நிரல் ஒன்றை எழுதினார். அதனை இயக்கினால் திரையில் எழுத்துக்களால் ஆன நத்தார் மரம் தோன்றும். பார்ப்பவர் மகிழ்ந்திருக்கும்போதே, அவருடைய கணக்கிலிருந்த பெயர்ப்பட்டியலை வாசித்து, அதிலுள்ள எல்லோருக்கும் அது தன்னை அனுப்பிக்கொள்ளும். பல்கலைக்கழக வலையமைப்புகளைக் கடந்து ஐபிஎம் நிறுவனத்தின் உள்வலையமைப்பையும் அது அடைத்துவிட்டது. எதையும் அழிக்கவில்லை, வாழ்த்துக்களின் பெருக்கத்தாலேயே வலையமைப்பு மூச்சுத் திணறியது.

அதன்பின் 1999 மார்ச்சில் 'மெலிஸா' வந்தது. வேர்ட் ஆவணத்தினுள் ஒளிந்திருந்த அது, முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பேருக்குத் தன்னை அனுப்பியது. நியூ ஜேர்சியைச் சேர்ந்த டேவிட் ஸ்மித் என்பவர் சில நாட்களுக்குள் கைதானார். 2002இல் 20 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அமெரிக்காவில் அதற்குச் சட்டம் இருந்தது. பிலிப்பைன்ஸில் இருக்கவில்லை.

மணிலாப் பொலிஸார் விரைவிலேயே தடம் கண்டனர். அந்த நிரல் பிலிப்பைன்ஸ் நாட்டு இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் தளத்தில் இருந்து, கடவுச்சொற்களைத் திருடும் இன்னொரு நிரலைப் பதிவிறக்க முயன்றது; அதுவே வழிகாட்டியது. கணினிக் கல்லூரி மாணவராக இருந்த ஒனெல் டி குஸ்மன் மீது சந்தேகம் விழுந்தது. பிறர் கடவுச்சொற்களைப் பெற்று இணையத்தைப் பயன்படுத்துவது எப்படி என்பதையே அவர் தமது ஆய்வுக்கட்டுரைக்குரிய பொருளாக முன்வைத்திருந்தார். கல்லூரி அதனை நிராகரித்திருந்தது. மே 11ஆம் திகதி கறுப்புக் கண்ணாடி அணிந்து, கைக்குட்டையால் முகத்தை மறைத்தபடி பத்திரிகையாளர் முன் தோன்றிய அவருக்காகப் பெரும்பாலும் அவருடைய சட்டத்தரணியே பேசினார்.

வழக்குத் தொடுநர்கள் கடனட்டை மோசடிக்கான சட்டம் வரை தேடிப் பார்த்தனர். எதுவும் பொருந்தவில்லை. ஜூன் 14ஆம் திகதி ஜனாதிபதி எஸ்ட்ராடா மின்வணிகச் சட்டத்தில் ஒப்பமிட்டார்; கணினிக்குள் அத்துமீறுவதும் வைரஸ் பரப்புவதும் குற்றமாயின. ஆனால் அச்சட்டம் பின்னோக்கிச் செல்லாது. ஓகஸ்ட் மாதத்தில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. பிரித்தானியப் பத்திரிகையாளர் ஜெவ் வைட் இருபது ஆண்டுகளின் பின் டி குஸ்மனைத் தேடிச் சென்றபோது, அவர் மணிலாவில் கைத்தொலைபேசிகளைத் திருத்தும் சிறுகடையொன்றில் இருந்தார். நிரலை எழுதியது தாமே என்று ஒப்புக்கொண்டார். இணைய இணைப்புக்குக் கட்டணம் செலுத்த வசதியற்ற நிலையில் பிறர் கடவுச்சொற்களைப் பெறவே அதை எழுதியதாகவும், அது இவ்வளவு தூரம் செல்லும் என எதிர்பார்க்கவில்லை என்றும் கூறினார். அவருடைய வறுமை உண்மையாக இருக்கலாம். படங்களை அழித்ததற்கு அது எவ்வாறு காரணமாகும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நமது நாடும் சட்டத்தில் முந்தியிருக்கவில்லை. இலங்கையின் கணினிக் குற்றங்கள் சட்டம் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டமாகவே நிறைவேறியது. கணினி அவசர நிலைமைகளைக் கவனிக்கும் 'சேர்ட்' அமைப்பு அதற்கு ஓராண்டு முன்னர் தோன்றியது.

சட்டத்தை விட நமக்கு வேறொரு தொல்லை இருந்தது. தெரியாத இணைப்புகளைத் திறவாதீர்கள் என்று நிபுணர்கள் உலகெங்கும் உபதேசித்தனர். தமிழில் எழுதுவோர் அந்த உபதேசத்தின்படி நடந்திருந்தால் எழுத்தே நின்றுபோயிருக்கும். யூனிகோட் பரவலாகும் முன்னர், இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் நம்மவர் பெரும்பாலும் 'பாமினி' எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்தனர். அதனை மின்னஞ்சலின் உடலில் இட்டால் மறுமுனையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஆகவே கட்டுரை, கவிதை, மரண அறிவித்தல் எதுவாயினும் வேர்ட் கோப்பாக இணைத்தே அனுப்பினோம். சில வேளைகளில் எழுத்துருவையும் உடன் இணைத்தோம். ரொறன்ரோவில் இருந்தும் பாரிஸில் இருந்தும் வரும் ஒவ்வொரு தமிழ்க் கடிதமும் இணைப்புடனேயே வந்தது. வைரஸ் எந்த வாசலால் நுழைந்ததோ, அந்த வாசலே தமிழுக்கும் ஒரே வாசலாக இருந்தது.

2001 ஜூலையில் 'சேர்காம்' என்ற புழு தோன்றியபோது இந்த வாசலின் பொருள் மாறியது. அது கணினியிலுள்ள 'மை டொக்கியுமென்ற்ஸ்' கோப்புறையில் இருந்து ஏதாவதோர் ஆவணத்தை எடுத்து, அதனுடன் தன்னை ஒட்டிக்கொண்டு, இக்கோப்பைப் பற்றித் தங்கள் ஆலோசனை வேண்டும் என்ற வரியுடன் பிறருக்கு அனுப்பியது. முகவரிப் புத்தகத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமல்ல. அக்கணினியில் பார்வையிடப்பட்ட இணையப் பக்கங்களில் காணப்பட்ட முகவரிகளுக்கும் அனுப்பியது. அதே மாதம் 24ஆம் திகதிதான் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. அந்தக் காலத்தில் ஒரு செய்தியாளரின் கணினியில் என்னென்ன இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். செவ்விக் குறிப்புகள், பெயர் வெளியிட விரும்பாதவர்களின் பெயர்கள், வெளியிடப்படாத பிரதிகள். காதல் கடிதம் படங்களைத்தான் அழித்தது. இது மனிதரைக் காட்டிக்கொடுக்கவல்லது. நான் அறிந்த சிலர் அன்றுதொட்டு, முக்கியமான குறிப்புகளைக் கணினியில் வைப்பதை நிறுத்திக் கொப்பிக்குத் திரும்பினர். அதனைப் பழைமைவாதம் என்று நான் நினைக்கவில்லை.

2001 பிற்பகுதியில் வந்த 'கிளெஸ்' இன்னும் ஒரு படி சென்றது. பாதிக்கப்பட்ட கணினியில் கண்ட முகவரிகளுள் ஒன்றை அனுப்புநராகப் பொய்யாக இட்டது. 'நீர்தான் எனக்கு வைரஸ் அனுப்பினீர்' என்று நண்பர்களிடையே மனக்கசப்புகள் ஏற்பட்டன. குற்றஞ்சாட்டப்பட்டவரின் கணினியோ சுத்தமாக இருக்கும். கிளெஸை அழிக்கும் மருந்து என்று கூறிக்கொண்டும் அதே கிளெஸ் வந்தது.

நிரலே இல்லாத வைரஸ்களும் உண்டு. 2002இல் ஓர் எச்சரிக்கை சுற்றிச்சுற்றி வந்தது: உங்கள் கணினியில் கரடிக்குட்டி அடையாளமுள்ள கோப்பு இருந்தால் அது வைரஸ், உடனே அழியுங்கள், எல்லோருக்கும் தெரிவியுங்கள். தேடிப் பார்த்தவர்கள் கரடியைக் கண்டனர்; பதறி அழித்தனர். அது விண்டோஸுடன் வரும் சாதாரணக் கோப்பு. அழித்ததும் பரப்பியதும் மனிதரே. அக்கறையோடு எல்லோருக்கும் அனுப்புவதில் நம்மவர்கள் பின்தங்கியவர்கள் அல்லர் என்பதைக் கைத்தொலைபேசி யுகத்திலும் காண்கிறேன்.

எந்த வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் சிறந்தது என்ற கேள்விக்கு வருவோம். இவற்றின் அடிப்படை வேலை எளிமையானது. அறியப்பட்ட வைரஸ்களின் அடையாளங்களைக் கொண்ட பட்டியலுடன் ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிடுகின்றன. பின்னாளில் சந்தேகத்திற்குரிய நடத்தையைக் கவனிக்கும் ஆற்றலும் சேர்ந்தது. காதல் கடிதத்திற்கு நிறுவனங்கள் சில மணி நேரத்தில் மருந்து கண்டன. ஆனால் அந்தச் சில மணி நேரம் அதற்குப் போதுமாக இருந்தது. அடையாளப் பட்டியலைப் புதுப்பிக்காத மென்பொருள், பழைய கள்வர்களின் படத்தை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் காவலாளி. கொழும்பில் மலிவாகக் கிடைத்த திருட்டு இறுவட்டுகளில் இருந்த வைரஸ் எதிர்ப்பிகள் பெரும்பாலும் அந்த வகையினவே. தொலைபேசி இணைப்பில் பட்டியலை இறக்குவதற்கு ஆகும் கட்டணத்தை நினைத்தே பலர் அதனைத் தள்ளிப்போட்டனர். ஒன்றுக்கு இரண்டாக நிறுவிக்கொண்டோரும் இருந்தனர்; இரண்டும் ஒன்றையொன்று சந்தேகித்துக் கணினியை முடக்கின.

அந்நாளில் நோர்ட்டனா, அவாஸ்டா, ஏவிஜியா, அவிராவா என்று நண்பர்கள் விவாதித்த நான்கு பெயர்களும் இன்று 'ஜென் டிஜிட்டல்' என்ற ஒரே நிறுவனத்தின் சொத்து. காஸ்பர்ஸ்கியின் விற்பனையை அமெரிக்கா 2024இல் தடைசெய்தது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், விண்டோஸுக்குள்ளேயே 'டிஃபென்டர்' என்ற காவலும் அமைந்துவிட்டது. வீட்டுப் பாவனைக்கு அதனை ஒழுங்காகப் புதுப்பித்து வைத்திருந்தாலே போதும் என்பது என் கருத்து. மேலும் வேண்டுமென்போர் விளம்பரங்களைப் பாராமல், ஜேர்மனியின் 'ஏவி டெஸ்ட்', ஒஸ்திரியாவின் 'ஏவி கம்பாரட்டிவ்ஸ்' ஆகியவை வெளியிடும் சோதனை முடிவுகளைப் பார்க்கலாம். உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது என்று இணையப் பக்கமொன்று தானாகவே அலறி, மருந்து விற்க முன்வந்தால், அந்த மருந்தே நோய்.

பழைய வழி மட்டும் மூடப்படவில்லை. 2014இல் முதலில் கண்டறியப்பட்ட 'எமொடெட்', திருடிய அஞ்சல் பெட்டிகளில் உள்ள பழைய உரையாடல்களை எடுத்து, அவற்றுக்குப் பதில் எழுதுவதுபோல வேர்ட் கோப்பை இணைத்து அனுப்பியது. நீங்கள் சென்ற வாரம் எழுதிய கடிதத்திற்கு உங்கள் நண்பரின் பெயரிலேயே பதில் வரும். பல நாட்டுப் பொலிஸார் சேர்ந்து 2021 ஜனவரியில் அதனை முடக்கினர். அதே ஆண்டு நவம்பரில் அது மீண்டும் தலைகாட்டியது. இணையத்தில் இருந்து வரும் அலுவலக ஆவணங்களில் 'மக்ரோ' நிரல்கள் தாமாக இயங்காதவாறு தடுக்கப் போவதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்தது 2022இல். மெலிஸா வந்து 23 ஆண்டுகளின் பின். காதல் கடிதம் எழுதப்பட்ட விபிஸ்கிரிப்ட் மொழியைக் கைவிடும் முடிவு 2023இல் வந்தது.

கோப்பின் பின்னொட்டை மறைக்கும் வழக்கத்தை விண்டோஸ் 11உம் விடவில்லை. அதனை நீங்களே மாற்றலாம். கோப்புறை ஒன்றைத் திறந்து, மேலேயுள்ள 'வியூ' என்பதை அழுத்துங்கள். அதில் 'ஷோ' என்பதனுள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற வரி இருக்கும். அதனை அழுத்திச் சரி அடையாளம் இட்டால், ஒவ்வொரு கோப்பும் தன் முழுப் பெயருடன் தோன்றும்.